பிள்ளைகளோடு கால்வாய்ப் படகில் எண்ணூருக்கு

எங்கள் வீடு ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். கப்பல் சங்கு ஊதினால் பாத்திரம் அதிரும். அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கப்பலில் ஒரு நாளாவது போக வேண்டும் என்று ஆசை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் டிக்கெட் எடுக்கிற குடும்பமா நாங்கள்? என் கணவருக்குப் பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை. நான் பாலர் வகுப்பு ஆசிரியை. ஆகவே சுதந்திரம் வந்து ஐந்தாவது கிறிஸ்துமஸ் விடுமுறையில், பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு விறகுப் படகைப் பேசி எண்ணூர் வரை போய் வந்தோம். பிள்ளைகளோடு அப்படிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினொரு வயது. ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. கக்கத்தில் கட்டைகளை ஊன்றித்தான் நடப்பாள். மகன் அந்தோணிக்கு ஒன்பது வயது. ஓர் இடத்தில் நிற்கமாட்டான். நாள் முழுக்கப் படகில் இந்த இருவரையும் எப்படி வைத்திருப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். பல்லாங்குழி, தாயம், விடுகதைப் போட்டி, கரையில் தெரியும் பறவைகளைப் படம் வரைவது, பாட்டுக்குப் பாட்டு என்று மணிக்கு ஒன்றாகத் திட்டம் போட்டு, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை.

காலை ஆறு மணிக்குத் தண்டையார்பேட்டைக் கால்வாய்க் கரையில் ஏறினோம். எண்ணூருக்கு ஏறக்குறைய எட்டு மைல். படகுக்காரர் முனுசாமி கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுத்தார். அவர் மனைவி கன்னியம்மா பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள். படகில் விறகுத் தூசியும் கருவாட்டு வாசனையும். மூக்கு பழக அரை மணி ஆகும், பிறகு தெரியாது.

முதல் பாலம் வந்ததும் பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். எங்கள் தலைக்கு மேலே மாட்டு வண்டிகள் கடகடவென்று போயின. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் வீடுகள் விலகி வானம் பெரிதாகிவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. பட்டணத்திலிருந்து இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு வெண்மை இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

நான் பெட்டியைத் திறந்து பல்லாங்குழியை எடுத்தேன். ஸ்டெல்லா அதைத் தொடவில்லை.

"எல்லாமே உக்காந்துகினு ஆடற ஆட்டமா வச்சிகீறியேம்மா. எனக்காகத்தானே?"

நான் பல்லாங்குழியைப் பெட்டிக்குள் வைத்தேன். அதுதான் உண்மை. அவள் மனம் நோகக்கூடாது என்று நான் யோசித்து யோசித்துச் செய்ததே அவளை நோகடித்துவிட்டது.

"அப்ப நானும் உக்காந்துகினே இருக்கணுமா?" என்றான் அந்தோணி. அவன் அப்பா சிரித்துக்கொண்டே அவனைக் கரையில் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். இருவரும் முனுசாமியோடு கயிறு இழுக்கப் போய்விட்டார்கள்.

படகில் பெண்கள் மூவர்தான் மிச்சம். ஸ்டெல்லா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கைகளை ஊன்றி நகர்ந்து கன்னியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் புடிக்கட்டா?"

"கையி நோவும் பாப்பா" என்று சொன்ன கன்னியம்மா அவள் தோளைத் தொட்டுப் பார்த்து அசந்துபோனாள். "யம்மாடி! இன்னா கையி இது, எங்கூட்டு ஆளு கையாட்டம் கீது!"

நாலு வருஷமாக உடம்பின் பாரத்தையெல்லாம் தாங்கிய கைகள் அவை. கன்னியம்மா சுக்கானை அவளிடம் கொடுத்தாள். எந்தப் பக்கம் தள்ளினால் படகின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிக் கொடுத்தாள். முதலில் இரண்டு முறை கரையில் இடித்தோம். கயிறு இழுத்துக்கொண்டிருந்த முனுசாமி, "இன்னாடி, தூங்கிகினு கீறியா?" என்று அங்கிருந்தே கத்தினார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு படகு எங்கும் இடிக்கவில்லை.

பதினோரு மணிக்கு எண்ணூர் வந்தது. கரையில் சாப்பிட்டோம். எதிர்க்கரையில் பூநாரைகள் கூட்டமாக மேய்வதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் கேட்டதால் முனுசாமி பாய் விரித்து அழைத்துப் போகச் சம்மதித்தார். கால்வாயை விட்டு வெளியே வந்ததும், கடலோடு கலக்கும் கழிமுகம் ஏரி போல அகன்று கிடந்தது. மேற்கே ரயில் பாலம். கிழக்கே முகத்துவாரம், அதற்கு அப்பால் கடல் அலை வெள்ளையாக மடிந்து விழுவது தெரிந்தது. அதன் இரைச்சல் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது.

பாயை ஏற்றும்போது பாதியில் கயிறு சிக்கிக்கொண்டது. முனுசாமி இழுத்தார், வரவில்லை. அதற்குள் படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. தண்ணீர் கடலுக்கு வடிய ஆரம்பித்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். எங்களை அது முகத்துவாரத்தின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. என் கணவர் கழியை ஊன்றினார். அது அடியைத் தொடவில்லை.

சுக்கானை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுக் கன்னியம்மா எழுந்தாள். "பாப்பா, ரயில் பாலத்தப் பாத்து மூக்க வெச்சிக்கோ. இன்னா ஆனாலும் வுடாத!" என்று சொல்லிவிட்டுப் புருஷனுக்கு உதவ முன்னால் ஓடினாள்.

ஸ்டெல்லா சுக்கான் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு முழு உடம்பாலும் தள்ளினாள். மூக்கு மெல்லத் திரும்பியது. பாதி ஏறிய பாயில் பின்னாலிருந்து கடல் காற்று பிடித்தது. நேராக இருந்தால் படகு தண்ணீரை எதிர்த்து நின்றது; கொஞ்சம் விலகினாலும் பின்னால் நழுவியது. கட்டை அவள் கையில் உதறியது. அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நான் பாய்ந்து பிடிக்கப் போனேன்.

"தொடாதம்மா! ஆட்டுனா மூக்கு திரும்பிடும்!"

என் மகள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன். அந்தோணியைக் கட்டிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அலையின் சத்தம் இன்னும் கிட்டே கேட்டது. முனுசாமி கத்தியால் கயிற்றை அறுத்து, பாயை வேறு கயிற்றில் கட்டினார். அவரும் கன்னியம்மாவும் தொங்கி இழுத்தார்கள்.

பாய் வெடிச்சத்தம் போலப் படாரென்று விரிந்தது. படகு சாய்ந்து, சிலிர்த்து, முன்னே பாய்ந்தது. அந்தச் சத்தத்தில் எதிர்க்கரை முழுதும் எழுந்துவிட்டது. அதுவரை வெள்ளை மணல் திட்டு என்று நினைத்திருந்தேன், அத்தனையும் பூநாரைகள். இறக்கை விரித்ததும் ரோஜா நிறம். ஆயிரமா, பல ஆயிரமா, சொல்லத் தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்தன. தண்ணீரும் பாயும் எங்கள் முகமும் ஒரு கணம் அந்த நிறமாகத் தெரிந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஸ்டெல்லா மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கண் ரயில் பாலத்தின் மேலேயே இருந்தது.

முனுசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, பாப்பாவா புடிச்சிகினு இருந்துச்சு? நைனா புடிச்சிகினு கீறாருன்னு நெனச்சிகினு இல்ல நான் கயித்தோட மல்லுக்கட்டினேன்!" பிறகு என் கணவரைப் பார்த்து, "தப்பு என்னுதுதான் நைனா. தண்ணி வடியற நேரத்தப் பாக்காம இட்டாந்துட்டேன்" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எங்களுக்குப் படகு வாடகை பன்னிரண்டு ரூபாய் ஆனது, முன்கூட்டியே பேசிவிடுங்கள். கால்வாய்த் தண்ணீர் உப்பு, குடிக்க ஒரு குடம் கொண்டு போங்கள். தலைக்குத் துணி அவசியம். கழிமுகத்தைக் கடப்பதாக இருந்தால் தண்ணீர் ஏறும் நேரமா வடியும் நேரமா என்று இரண்டு பேரிடமாவது கேளுங்கள். திரும்ப எண்ணூரிலிருந்து ரயில் ஏறுவது சுலபம். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் நிறைய வேண்டாம். என்ன செய்ய ஆசை என்று படகில் ஏறும் முன்பே அவர்களைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

அன்று திரும்பி வந்து எண்ணூர்க் கரை சேர்ந்தபோது முழங்கால் ஆழம் சேறு. முனுசாமி எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்க வந்தார். எல்லோரையும் போல அவரும் ஸ்டெல்லாவை முதலில் தூக்கக் குனிந்தார். அவள் தலையாட்டினாள்.

"சுக்கான் புடிச்சவங்க கடசியிலதான் எறங்கணும். நைனாவ மொதல்ல எறக்கு."

முனுசாமி சிரிக்கவில்லை. "ஆமா, அதான் மொற" என்று சொல்லி என் கணவரைப் பார்த்து முதுகைத் திருப்பிக் காட்டினார். நாங்கள் எல்லோரும் சேற்றைத் தாண்டிக் கரையில் நின்று காத்திருந்தோம். காலியான படகில், வீங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறை வரும் வரை ஸ்டெல்லா கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.