பூஜையறைக்குப் பச்சை வயர்

என் செல்போன் அடித்தால் இப்போதெல்லாம் இரண்டே காரணம்தான். ஒன்று, பதிவு செய்த குரலில் ஒரு பெண் பிளாட் வாங்கச் சொல்வாள். இரண்டு, யாருக்காவது என் கையெழுத்து வேண்டும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை அடித்தது இரண்டாவது ரகம்.

நான் மின் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தை வாரம்தோறும் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். சூப்பர்வைசர் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வருகிறேன். புது வீட்டுக்கு நிரந்தர மின் இணைப்பு வேண்டுமென்றால், 'வயரிங்கைச் சோதித்தேன், சரியாக இருக்கிறது' என்று லைசென்ஸ் உள்ள ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வயரிங் செய்வது ஒருவர், கையெழுத்து இன்னொருவர். இருவரும் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் அந்தத் தாளில்தான்.

"அங்கிள், செல்வம் பேசுறேன், பெங்களூர்ல இருந்து. ஆனையூர்ல அப்பாவுக்கு வீடு கட்டியிருக்கேன். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம். ஒரு கையெழுத்து மட்டும் போதும். நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம், ஃபார்ம் உங்க வீட்டுக்கே வந்துரும்."

சிரமப்பட வேண்டாமாம். எனக்குச் சிரமம் என்று ஒன்று வந்துதான் எத்தனை நாளாயிற்று...

"வந்து பார்க்காமல் போட மாட்டேன்" என்றேன். கொள்கை முழக்கம் மாதிரி கம்பீரமாகத்தான் வந்தது. உண்மை என்ன? மனைவி போய் மூன்று வருடம். மகள் கனடாவில். ஒரு வீட்டை ஒழுங்காகச் சோதிக்க மூன்று மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரம் மனிதர்களோடு இருக்கலாம். கொள்கைகளில் பாதி இப்படித்தான் உருவாகின்றன.

வீடு என் தெருவில் இருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் செல்வத்தின் அப்பா ஒச்சப்பன் நின்றிருந்தார். எழுமலைப் பக்கம் விவசாயம் பார்த்தவர், எழுபதைத் தாண்டியவர். பக்கத்தில் அதே ஊர்க்காரரான வயர்மேன் பாண்டி.

"சார் ரொம்பக் கறாருன்னு கேள்விப்பட்டேன்" என்றார் பாண்டி.

"கேள்விப்பட்ட பிறகுமா கூப்பிட்டீங்க?"

"வேற யாரும் அம்புடலைங்க சார்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வேலையும் மோசமில்லை. வயர் தரமானது, சுவிட்சுகள் நேராக உட்கார்ந்திருந்தன. எர்த் பைப்புக்குத் தண்ணீர் ஊற்ற வாய்கூட வைத்திருந்தார். பாதி வீடுகளில் அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள்.

கடைசியாக மெயின் பெட்டிக்கு வந்தேன். அதில் டிரிப் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். மின்சாரம் போகக்கூடாத வழியில், உதாரணமாக உங்கள் உடம்பு வழியாகப் போனால், கண் சிமிட்டுவதற்குள் மொத்த வீட்டையும் அணைத்துவிடும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதிலேயே ஒரு சின்னப் பட்டன் உண்டு.

அழுத்தினேன். 'டக்' என்று லீவர் விழுந்தது.

மின்விசிறி நிற்கவில்லை.

பாண்டி திடீரென்று ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக மின்சாரம் டிரிப் சுவிட்சைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. காவலாளி வாசலில் நிற்கிறார், ஆட்கள் பின்கதவு வழியாகப் போய்வருகிறார்கள்.

"ஏன்?"

"சும்மா சும்மா விழுந்துச்சு சார். சாமி ரூம் லைட்டைப் போட்டாலே மொத்த வீடும் ஆஃப். விசேஷத்தன்னைக்குக் கரண்ட் போகக்கூடாதுன்னு செல்வம் சொல்லிட்டாப்ல. அதான்..."

பூஜையறை சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். சிவப்பு வயர் இருந்தது, பச்சை வயர் இருந்தது. மின்சாரம் திரும்பிப் போக வேண்டிய கருப்பு வயரைக் காணோம்.

"செல்வத்தோட வீட்டம்மா ஜோசியர்கிட்டக் கேட்டிருக்காக சார். சாமி ரூமுக்குள்ள கருப்பு வரக்கூடாதாம். பச்சைன்னா மங்களம்னுட்டாக. அதான் கருப்புக்குப் பதிலா பச்சையை இழுத்தேன்."

ஒச்சப்பன் நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "எங்க குலசாமியே கருப்பசாமி சார். அவரைக் கும்புடுற ரூமுக்குக் கருப்பு வயரு ஆகாதாம். இதை அவருகிட்ட யாரு போயிச் சொல்றது?"

பச்சை என்றால் எர்த் வயர், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்புவது. அது ஊரறிந்த விதி. தான் மாற்றிப் போட்டது பாண்டிக்கு நினைவிருந்தது. ஆனால் பொங்கல் நேரத்தில் அவர் மாடு பார்க்க அலங்காநல்லூர் போய்விட்டார். இணைப்புகளை முடித்தது அவர் மச்சினன். ஐ.டி.ஐ. படித்த ஒழுங்கான ஆள். பச்சையையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி எர்த்தில் கட்டிவிட்டார். ஆக, விதிப்படி நடந்தவர் கையால்தான் வினை வந்தது. டிரிப் சுவிட்ச் விழுந்தது அதன் கோளாறினால் அல்ல, கருப்பில் திரும்ப வேண்டிய மின்சாரம் எர்த்துக்குப் போனதால். அந்த வீட்டில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

என்றைக்காவது எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தால்? பூஜையறை மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அதே பச்சை வயர்களில் ஃப்ரிட்ஜின் உடம்புக்கு வரும்; விளக்கைப் போட்ட கையோடு அதைத் தொடுகிறவருக்கு ஷாக். அணைக்க டிரிப்பும் கிடையாது.

"இங்க யார் யார் இருக்கப்போறீங்க?" என்று கேட்டேன். ஃபார்மில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

"நான் மட்டுந்தான் சார். எழுமலையில தனியாக் கெடக்க வேணாம்னு கட்டிக் குடுத்திருக்கான்."

எழுமலையில் தனியாக இருக்க வேண்டாம் என்று, ஆனையூரில் தனியாக இருக்க.

ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டவரைக் காய்ந்த கட்டையால் தட்டிவிட வேண்டும் என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். கட்டை எல்லா வீட்டிலும் இருக்கும். தட்ட ஆள்?

பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன். பாண்டி போன் போட்டுச் சொல்ல, செல்வம் கொதித்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "ஒரு வயர் கலருக்கா அங்கிள்? நீங்க போடலைன்னா வேற ஆள் போடப்போறாங்க."

அது பொய்யில்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கையெழுத்துப் போடக்கூடிய மூன்று பேரை எனக்கே தெரியும். நான் எழுந்து போனால் அந்த மூவரில் ஒருவர் இந்த மனிதரின் உயிருக்கு உத்தரவாதம் எழுதுவார்.

ஒச்சப்பனிடம் சொன்னேன்: "வேற ஆள் போட்டா, ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது காலில் செருப்பு இருக்கட்டும்."

அவர் பாண்டியிடம் கையை நீட்டினார். போனை வாங்கினார். "ஏப்பா, பாலு அடுப்புலதான பொங்கப்போகுது, வயருலயா? இருக்கப்போறவன் நான். சார் சொல்றபடி ஆகட்டும்." வைத்துவிட்டுப் பாண்டி பக்கம் திரும்பினார். "மாப்ள, பிரிச்சுப் போடு."

"மறுபடி இம்புட்டையுமா மாமா?"

"கருப்பையே போடு. எங்க சாமி கோவிச்சுக்காது."

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. பூஜையறையில் குத்துவிளக்கு மட்டும் எரிந்ததாகப் பாண்டி பிறகு சொன்னார். எனக்கு அழைப்பு வரவில்லை. கையெழுத்துப் போடாதவனை யார் விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள்? மைக்செட் பாட்டு மட்டும் என் வீட்டு ஹால் வரை வந்துபோனது.

அடுத்த புதன்கிழமை மறுபடி போனேன். விருந்தாளிகளும் மகனும் ஊர் திரும்பியிருந்தார்கள். ஹாலில் இன்னும் அடுக்கி வைக்காத பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒச்சப்பன். பூஜையறையில் கருப்பு வயர். பட்டனை அழுத்தினேன். மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது.

"எல்லாம் செத்துருச்சே சார்."

"அப்படித்தான் சாகணும். மாசம் ஒருதடவை நீங்களே அமுக்கிப் பாருங்க." கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தோன்றியது. நம் வீட்டில்?

என் வீட்டு வயரிங்கை முன்னால் நின்று செய்ததும் நான், சோதித்துக் கையெழுத்துப் போட்டதும் நான். டிரிப் சுவிட்ச் பட்டனை அழுத்தினேன். விழவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். இல்லை.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அதை அழுத்துவது என் மனைவி. உள்ளே இருந்து "விழுந்துருச்சு" என்று குரல் வரும். நான் நாற்காலியில் இருந்தபடி டைரியில் டிக் அடிப்பேன். விதி தெரிந்தது எனக்கு, செய்தது அவள். மூன்று வருடமாக அந்தக் குரலும் இல்லை, டிக்கும் இல்லை. ஊர் வீட்டையெல்லாம் குறை சொல்லிவிட்டு வந்து, நான் ஒவ்வொரு இரவும் படுத்துத் தூங்கியது இந்த வீட்டில்தான்.

மறுநாள் பாண்டி வந்து புதிதாக ஒன்று மாட்டினார். "சார், சோதிச்சுட்டேன். கையெழுத்து நான் போடவா?" என்று கேட்டார். அந்தக் கிண்டல் எனக்குத் தேவைதான்.

ஒன்றாம் தேதி காலை போன் அடித்தது. பிளாட் இல்லை, ஃபார்ம் இல்லை.

"சார், ஒச்சப்பன். அமுக்கிட்டேன். விழுந்துருச்சு."

"இருங்க, இங்கேயும் அமுக்குறேன்... விழுந்துருச்சு."

மாதம் ஒருமுறை சோதித்தால் போதும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த மாதம் இன்னும் முடியவில்லை, நாங்கள் நான்கு முறை சோதித்தாயிற்று.