மார்கழியில் வந்த ஆய்வு

கொள்கை அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பது வருடம் பத்திரிகையில் அரசு அறிக்கைகளைச் சுருக்கியவன் நான்; அதை இரண்டு முறை படித்தேன். காற்று மின்சாரத்தை வளர்க்க அரசு விரும்புகிறது. பழைய காற்றாலை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிட்டுப் புதிது நிறுத்தலாம். அல்லது ஆய்வுக்குழு நேரில் வந்து பார்க்கும்போது ஓடும் நிலையில் இருந்தால், பழையதையே மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

என் அக்காள் கணவருக்குத் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு சின்ன நூற்பாலை. நெய்க்காரப்பட்டிக்கு மேற்கே அவருடைய ஒற்றைக் காற்றாலை நிற்கிறது. அதன் மின்சாரத்தை நம்பித்தான் மில்லில் மூன்றாவது ஷிப்ட். புதிய இயந்திரம் நிறுத்த அவரிடம் நிலம் போதாது. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அந்த ஷிப்ட் போய்விடும்.

சித்திரையில் விண்ணப்பித்தார். வைகாசியில் தொடங்கிய காற்று புரட்டாசி வரை அடித்தது. யாரும் வரவில்லை. குழு மார்கழியில் வந்தது.

அன்று பக்கத்துத் தோப்பில் தென்னை ஓலைகூட அசையவில்லை. அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

"ஓடலையே?"

"காத்து இல்லீங்க," என்றார் காவலாளி.

"அது எனக்கும் தெரியுது. ஃபாரத்துல ஓடுதா, ஓடலையான்னுதான் கேட்டிருக்கு."

"ஏனுங்க, வைகாசியில வந்து பாருங்க. சுத்துற சத்தத்துல பேசுனாக் கேக்காதுங்க."

"வைகாசி வரைக்கும் ஃபைலை வச்சிருக்க முடியாது."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ பேப்பர்ல இருந்தவன். புரியிற மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் குடு."

எழுதினேன். ஆய்வு நாளில் காற்று இல்லாததால் இயந்திரம் இயங்கவில்லை என்றும், காற்றுள்ள மாதங்களில் தடையின்றி இயங்குகிறது என்றும். வேண்டாத ஒரு சொல் அதில் இல்லை. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

மாசியில் பதில் வந்தது. இயந்திரம் இயங்கவில்லை என்று உரிமையாளரே எழுத்துமூலம் தெரிவித்திருப்பதால் நீட்டிப்பு வழங்க இயலாது. இயந்திரத்தை நிறுத்தி வைக்கவும். என் கடிதத்தில் காற்றைப் பற்றிச் சொன்ன இரண்டு இடங்களும் அதில் விடுபட்டுப் போயிருந்தன. எத்தனையோ பேருடைய பேச்சை நான் சுருக்கியிருக்கிறேன். இப்படிச் சுருக்கியதில்லை.

மச்சான் கோபப்படவில்லை. "ஒத்த வரி பொய் எழுதியிருந்தா ஓடியிருக்கும் மாப்ள," என்றார். மேல்முறையீடு செய்தார். அதற்கு இன்னும் பதில் இல்லை.

ஆடியில் அவருடன் அங்கே போனேன். காவலாளியின் தலைத்துண்டு காற்றில் தலையில் நிற்கவில்லை. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு மேலே, பிரேக் போட்ட இறக்கைகள் மட்டும் அசையவில்லை. பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப் பத்தே முக்காலுக்கே வந்தது. அதே அதிகாரி. இயந்திரம் உண்மையிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

"ஓடலையே?"

"பிரேக் போட்டிருக்கோமுங்க."

பறக்கும் காகிதத்தை முழங்கையால் ஜீப்பில் அழுத்திக்கொண்டு அவர் டிக் அடித்தார். "நிறுத்தி வச்சிருக்கிறதா ஓனர் ஒரு லெட்டர் குடுத்துருங்க."

மூன்றாவது ஷிப்ட் ஆட்களிடம் திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார் மச்சான். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ இரு மாப்ள. நான் எழுதிக்கிறேன்."

ஜீப்பின் மறைவில் குனிந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'ஓடவில்லை. காற்று நன்றாக அடிக்கிறது.' கீழே கையெழுத்து.