பரவை மல்லிகைக்குப் பிடித்த துரு

மதுரைக்குப் போகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், மகாலைப் பார்ப்பார்கள். நான் போன கோடை விடுமுறையில் மல்லிகை இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பூச்செடி வைத்திருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது.

திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்கைப் பாடம் நடத்துகிறேன். என் தங்கை பேச்சியை மதுரைக்கு மேற்கே பரவையில் கொடுத்திருக்கிறது. அங்கே அரை ஏக்கர் மல்லிகை அவள் கையால் வைத்தது. பூ எடுப்பதும் மதுரைக்குக் கொண்டுபோய் விற்பதும் அவளே. அந்த வீட்டில் அவள் சொல் எடுபடுவதற்கு அந்தத் தோட்டமும் ஒரு காரணம். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள், ஊர்க்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினாள்: செடியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, அமாவாசைக்கு மறுநாள் என் வீட்டுக்காரர் ஏர் பூட்டிக் கம்பு விதைக்கப் போகிறார், நீ வந்து ஒரு வார்த்தை சொல். அன்றே பெட்டியைக் கட்டினேன்.

முதல் தவறு ரயிலில். பெருமைக்கு மெயிலில் ஏறினேன். காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டது. தொண்ணூற்றாறு மைல், மூன்றாம் வகுப்பு ஒன்றே முக்கால் ரூபாய். மெயில் சமயநல்லூரில் நிற்காது என்பது சமயநல்லூர் பின்னால் ஓடி மறைந்தபோதுதான் உறைத்தது. அங்கே இறங்கியிருந்தால் பரவை இரண்டு மைல். மதுரை வரை போய், திண்டுக்கல் சாலையில் ஆறு மைல் திரும்பி வந்தேன். சண்டைக் காலமானதால் பெட்ரோல் இல்லை, கரி பஸ்தான். பின்னால் கட்டியிருக்கும் கரியடுப்பைக் கண்டக்டர் அரைமணி நேரம் ஊதி எழுப்பினார். டிக்கெட் இரண்டணா, முகத்தில் படியும் கரி இலவசம்.

இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போனேன். கோடையில் பச்சென்று இருக்கவேண்டிய செடி செம்பு நிறமாக இருந்தது. அரும்புகள் மலராமலே சுருங்கியிருந்தன. செடி முழுவதும் சாம்பல்.

“துருன்னா ஈரத்துல வர்ற நோய் மதினி,” என்றார் தங்கை கணவர் சோலை. “அதான் தண்ணிய நிறுத்திப்புட்டேன். காலையில காலையில சாம்பலும் தூவுறேன். கத்தரிக்குக் கேட்டது, இதுக்குக் கேக்கல.”

சோலை சோம்பேறி இல்லை. வைத்தியத்தைப் பெயரிலிருந்து தொடங்கிவிட்டார், அவ்வளவுதான். துரு என்றால் ஈரம், ஈரத்துக்கு மருந்து காயவிடுவது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கிணற்றடியில், மாடு கட்டிக் கமலையில் இறைக்கும் தண்ணீர் தினமும் சிதறும் இடத்தில் நாலு செடி பச்சையாக நின்றது. ஈரத்தால் வரும் நோய் ஈரத்தில் நிற்கும் செடியை விட்டுவிட்டு வறண்ட செடியை ஏன் பிடிக்கிறது?

பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியைப் பெட்டியில் கொண்டு வந்திருந்தேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன். மெல்லிய நூலாம்படை, அதற்குள் சிவப்புப் புள்ளிகள், கண்ணாடி மணி மாதிரி உருண்டை முட்டைகள். புள்ளிகள் நடந்தன. பேச்சியைக் கூப்பிட்டுக் கால்களை எண்ணச் சொன்னேன்.

“எட்டுக்கா,” என்றாள். “பூச்சிக்கு ஆறுல்ல? இது சிலந்தி சாதியா?”

“சிலந்திக்குச் சொந்தம். செம்பேன். இலைச் சாற்றை உறிஞ்சுது. உறிஞ்ச இடமெல்லாம் வெளுத்து, அப்புறம் செம்பு நிறமாகுது. துருவே இல்லை இது.”

இந்தப் பேனுக்கு வெயிலும் வறட்சியும் புழுதியும் கொண்டாட்டம். வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை பெருகும். தண்ணீரை நிறுத்தியதும் சாம்பல் போட்டதும் அதற்கு விருந்து வைத்த மாதிரி. சோலை கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இம்புட்டு உசுரா,” என்றார். பிறகு, “அப்பக் கண்டிப்பா உழுதுற வேண்டியதுதான். ஒரு இலைக்கு இம்புட்டுன்னா தோட்டத்துக்கு எம்புட்டு,” என்றார். என் கண்ணாடி தங்கைக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

கந்தகத் தூள் தூவினால் பேன் சாகும், நான் வாங்கி வருகிறேன், அமாவாசை வரை பொறுங்கள் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் மதுரை மாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கைவிரித்தார்கள். ஒருவர் மட்டும் விளக்கினார்: “சண்டை முடியட்டும்மா. குண்டுக்குப் போன மிச்சந்தான் நமக்கு.”

எரிச்சலில், வந்ததற்குத் தெப்பக்குளமாவது பார்ப்போமென்று நாலணாவுக்கு ஜட்கா பிடித்து வண்டியூருக்குப் போனேன். மதியம் இரண்டு மணி. குளத்தின் அழகைப் பற்றி எழுத எனக்கு அன்று மனமில்லை, மன்னியுங்கள். நிழலுக்கு ஒதுங்கிய இடத்தில் ஆமணக்குச் செடிகள். பழக்கத்தில் ஓர் இலையைத் திருப்பினேன். நூலாம்படை இருந்தது, பேனின் வெறும் தோல் இருந்தது, உயிருள்ள பேன் அநேகமாக இல்லை. அதற்குப் பதில் கடுகில் பாதி அளவு கறுப்பு வண்டுகள். பக்கத்தில் அவற்றின் மயிரடர்ந்த சாம்பல் நிறப் புழு ஒன்று பேன் முட்டையைக் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருந்தது. பொறிவண்டு இனம், முதுகில் பொட்டுத்தான் இல்லை. அங்கேயே நின்று தனியாகச் சிரித்தேன். ஜட்காக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பரவையில் இந்த வண்டு ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் அப்போது விளங்கியது. சாம்பலில் அதனால் நடமாட முடியாது, இரை தேட முடியாது. பேன் வலைக்குள் சுகமாக இருந்துவிடும். நாங்கள் காவல்காரனைத் துரத்திவிட்டுக் கள்ளனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

பூக்கூடை ஒன்று வாங்கி, வண்டுள்ள இலைகளாகப் பறித்து ஈரத்துணியால் மூடிக்கொண்டேன். திரும்பும் கரி பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்.

“கூடையில என்ன டீச்சரம்மா, பூவா?”

“வண்டு.”

“கடிக்குமா?”

“பேனை மட்டும்.”

என் பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் பேச்சி சரியான கேள்வி கேட்டாள்: “இந்தச் சாம்பல்ல விட்டா இதுவும் சாகும்ல?” முதலில் சாம்பலையும் வலையையும் கழுவ வேண்டும். குடத்தால் ஊற்றினால் இலையின் மேலே ஓடிவிடும். பேன் இருப்பது அடியில். கீழிருந்து மேலே, ஊசி மாதிரி, வேகமாகத் தண்ணீர் பாய வேண்டும். அதற்கு ஏது கருவி என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பேச்சி கூரை எரவாணத்தைக் கைகாட்டினாள்.

அங்கே சோலையின் துருத்தி தொங்கியது. ஆட்டுத்தோல் பை, வாயில் மெல்லிய பித்தளைக் குழாய். ஆற்றில் இறங்கும் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டிக்கொண்டவர்கள் அக்குளில் இடுக்கி அழுத்துவார்கள். தண்ணீர் இரண்டு ஆள் உயரம் எழும்பும். திருவிழா முடிந்து அப்போதுதான் காயப் போட்டிருந்தார்கள்.

சோலையின் முகம் மாறியது. “சாமிக்கு நேந்த துருத்தி. அதை வச்சுப் பேன அடிக்கிறதா?”

“இந்தப் பூவு எங்க போகுது?” என்றாள் பேச்சி. “சாமி கழுத்துக்குத்தான போகுது. பேன் மொய்ச்ச செடியில பறிச்சுச் சாத்துனா மட்டும் சம்மதமாக்கும்?”

சோலை விருட்டென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். விடிந்ததும் குளித்து நாமம் போட்டு, அதேபோல் நேர்ந்துகொண்ட நாலு கூட்டாளிகளோடு, தோளில் துருத்தியோடு தோட்டத்துக்கு வந்தார். அழகர்மலைத் திக்கைப் பார்த்து ஐவரும் கும்பிட்டார்கள். “உத்தரவு வாங்கியாச்சு மதினி. எந்தப் பக்கம் அடிக்கணும், சொல்லுங்க,” என்றார்.

அப்படி ஒரு காலையை நான் கண்டதில்லை. ஐந்து துருத்திகள் வரிசை வரிசையாக அடியிலிருந்து பீய்ச்சின. சாம்பல் கரைந்து ஓடியது, வலை அறுந்தது, செடிக்குச் செடி “கோவிந்தா” என்று குரல். நானும் நனைந்தேன். ஆசிரியை என்ற கௌரவத்தை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு நானும் ஒரு துருத்தியை வாங்கி அடித்தேன். மூன்று நாள் காலையில் இப்படி. வாய்க்காலிலும் தண்ணீர் விட்டார் சோலை. அதன்பிறகு, அதுவரை நிழலில் ஈரத்துணி மாற்றி வைத்திருந்த ஆமணக்கு இலைகளை வெள்ளை வேட்டிமேல் தட்டி, வண்டையும் புழுவையும் மட்டும் நனைத்த கோழியிறகால் எடுத்துச் செடிகளில் விட்டோம். ஆமணக்குப் பேன் கூடவே வந்துவிடக் கூடாதே.

அடுத்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய இலைகள் பச்சையாகாது, உதிர்ந்துகொண்டேதான் இருந்தன. அமாவாசைக்கு மறுநாள் ஏர்க்காரர் மாடுகளோடு வந்து நின்றார். சோலை கண்ணாடியை என்னிடம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். செடிக்குச் செடி குனிந்தார். கணுவுக்குக் கணு கொழுந்து விட்டிருந்தது. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொடி வண்டு நல்லா மேயுது,” என்றார் நிமிர்ந்து. “கொழுந்துல ஒரு பேன் இல்ல. அண்ணே, மாட்டத் திருப்புங்க. இங்க உழவு இல்ல.”

பேச்சி ஏர்க்காரருக்கு மோர் கொண்டுவர ஓடினாள். நான் கூச்சமில்லாமல் அழுதேன், சந்தோஷத்தில்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாசஞ்சரில் ஏறிச் சமயநல்லூரில் இறங்குங்கள். கரி பஸ்ஸுக்கு வெள்ளைப் புடவை வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி அவசியம். இலை சிவந்திருந்தால் பெயர் வைப்பதற்கு முன் திருப்பிப் பாருங்கள். எட்டுக்கால் தெரிந்தால் சாம்பலை நிறுத்துங்கள், அடிப்பக்கம் தண்ணீர் அடியுங்கள். கறுப்பு வண்டு தெரிந்தால் அதன் வேலையைக் கெடுக்காதீர்கள். துருத்தி கேட்டால் பரவையில் இப்போது தயங்காமல் தருகிறார்கள்.

விடுமுறை முழுவதும் தங்கிவிட்டேன். ஊருக்குக் கிளம்பிய விடியலில் சோலைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார். வழியனுப்பத் தங்கை வரவில்லை. அந்நேரம் அவள் தோட்டத்தில் இருந்தாள். முதல் பஸ்ஸுக்குள் அரும்பு எடுத்து முடிக்க வேண்டுமே.