விசாவுக்காக வளர்ந்த முடி

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு ஊரில் தனியாக எதிரி தேவையில்லை. அவன் எடுத்துக் கொடுத்த படங்களே போதும். பாஸ்போர்ட்டுக்கென்று எடுத்த படத்தில் தன் முகத்தைப் பார்த்து, 'யார் இந்த ஆள், இவன் மேல் என்ன கேஸ்?' என்று ஒரு தடவையாவது திடுக்கிட்டவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பஜாரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எனக்கு ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பெண் பார்க்க அனுப்பும் படம் என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த தொழிலில் திடீரென்று அரபு நாடு வந்து குதித்தது. மெட்ராஸ் மண்ணடியில் ஒரு ஏஜென்ட் ஆள் எடுக்கிறார் என்று சேதி பரவியதும், விசாவுக்குப் படம் வேண்டும் என்று சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கத்திலிருந்தெல்லாம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். பம்பாயில் அந்த நாட்டுக்காரர்கள் வைத்திருந்த ஆபீஸை நாங்கள் எம்பஸி என்போம். அதன் வாசலை நான் மிதித்ததில்லை. என் படங்கள்தான் போய்ப் போய்த் திரும்பி வந்தன. அதில் அதிகம் அலைந்தது ஏகாம்பரத்தின் முகம்.

வாட்ச் தெரியணும்

ஏகாம்பரம் சாலவாக்கத்துக்காரர். அங்கே ஒரு பெரிய நிலக்காரரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் டிராக்டரை விற்றுவிட, இவருக்கு வேலை போயிற்று. புல்டோசர் ஓட்ட ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, வீட்டிலிருந்த உழவு மாடு இரண்டையும் விற்று அவரிடம் பணம் கட்டிவிட்டார். விசா வராவிட்டால் ஓட்ட டிராக்டரும் இல்லை, ஏர் பூட்ட மாடும் இல்லை. இப்படிப்பட்ட இக்கட்டில் இருந்த மனிதர் என் ஸ்டூடியோவுக்கு வந்தபோது கவலைப்பட்டது கைக்கடிகாரத்தைப் பற்றி.

வாடிக்கையாளர்களுக்கென்று நான் ஒரு கோட்டு, ஒரு டை, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று வைத்திருந்தேன். கூட வந்த அவர் மனைவி அஞ்சலை கடிகாரத்தை எடுத்துக் கட்டிவிட்டாள். விசாப் படம் மார்புக்கு மேலேதான், கை விழாது என்றேன். சரி சரி என்று தலையாட்டினார்கள். நான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் ஏகாம்பரம் இடது கையை மடக்கி நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தார். இறக்கச் சொன்னேன். மறுபடி துணிக்குள் போனேன், மறுபடி கை ஏறியது. பின்னால் வெறும் வெள்ளைத் துணி கட்டியதில் அஞ்சலைக்கு வேறு மனத்தாங்கல். அருவி வரைந்த திரையை எதற்குச் சுருட்டி வைத்திருக்கிறீர்கள் என்றாள். எம்பஸி விதி அப்படி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"வாச்சும் தெரியாது, பின்னால அருவியும் கெடையாதுன்னா, அந்த ஊரு ஆபீசரு இது இன்னாடா ஒண்ணியும் இல்லாத வூட்டு ஆளுன்னு நெனச்சிக்க மாட்டாரா?"

மச்சம் போன வழி

கஜா என்று ஒருவர் என்னோடு இருந்தார். என்னைவிட வயதில் பெரியவர். நெகட்டிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தைச் சீர்செய்வது அவர் வேலை. எங்கள் படங்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் போகிறவை. அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் கஜா கேட்காமலே எடுத்துவிடுவார். அவர் பென்சில் பட்டுக் கல்யாணம் ஆனவர்கள் தாலுகா முழுக்க இருக்கிறார்கள்.

ஏகாம்பரத்தின் படத்திலும் அதே தர்மத்தைச் செய்துவிட்டார். ஏஜென்ட்டே மெட்ராஸில் படம் எடுத்து வாங்கிக் கொடுத்த பாஸ்போர்ட்டில், அடையாளம் என்ற இடத்தில் 'வலது கன்னத்தில் மச்சம்' என்று எழுதியிருந்தது. எங்கள் படத்தில் ஏகாம்பரத்தின் கன்னம் குழந்தையின் கன்னமாக இருந்தது. எம்பஸி வாசல் வரைக்கும் போன படம் 'மச்சம் எங்கே?' என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. கஜா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சத்த எடுத்துடு எடுத்துடுன்னு கெஞ்சினவங்களத்தான் நைனா இத்தினி வருசமா பாத்துக்கீறேன். வையின்னு கேக்குற மொத ஆளு இந்த கவுருமெண்டுதான்."

நடுவில் ஒரு முகம்

மச்சத்தோடு மறுபடி எடுக்க உட்கார வைத்தோம். இந்தத் தடவை சிரிப்பு. எம்பஸிக்குச் சிரிக்கிற முகம் ஆகாது. சிரிக்காதீர்கள் என்று சொன்னால் போதும், எந்த மனிதனுக்கும் சிரிப்பு வந்துவிடும், உங்களுக்கும் வந்திருக்கும். ஏகாம்பரம் உதட்டைக் கடித்தார், கன்னத்தை உப்பினார், ஒன்றும் நடக்கவில்லை. கஜா பொறுமை இழந்து, "வித்த மாட்டை நெனச்சிக்கப்பா" என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. ஏகாம்பரத்தின் முகம் ஒரு நொடி எம்பஸிக்கு வேண்டிய மாதிரி இருந்தது. நான் துணிக்குள் போவதற்குள் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. அந்த மாடு இரண்டும் அவர் வீட்டுத் தொழுவத்தில் பிறந்து வளர்ந்தவையாம். வாங்கிப்போனவனோடு செங்கல்பட்டு ரோடு திரும்புகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயினவாம். கஜா ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். டீயைக் குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏகாம்பரம் என்னைக் கேட்டார்.

"சிரிக்கவும் கூடாது, அயுவவும் கூடாதுன்னா நடுவுல இன்னா மூஞ்சிண்ணா வைக்கறது? நீயே ஒண்ணு வச்சுக் காட்டு."

பாக்கி வைக்கக் கூடாது

ஒருவழியாகப் படம் தேறியது. பம்பாய்க்கு நேரில் வரச் சொல்லி ஏஜென்ட்டின் ஆள் வந்தார். விசா குத்தியதும் அங்கிருந்தே விமானம் ஏறிவிட வேண்டும், ஊர் திரும்புகிற பேச்சே இல்லை என்றார். இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. விசா கிடைத்தால் ஏகாம்பரத்துக்கு முடி இறக்குவதாக அஞ்சலை திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். விசா கிடைக்கிறபோது அந்தத் தலை பம்பாயில் இருக்கும், மறுநாள் அரபு நாட்டில் இருக்கும். சாமிக்குப் பாக்கி வைத்துவிட்டு விமானத்தில் ஏறுவதா? ஆகவே ஆடிக் கிருத்திகைக்கே போய் முன்கூட்டியே செலுத்திவிட்டார்கள். தலையோடு மீசையும் போனது. ஏகாம்பரம் சந்தனம் பூசிய மண்டையோடு பம்பாய் ரயில் ஏறினார்.

எம்பஸியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீசர் படத்தைப் பார்த்தார். காதை மறைக்காமல் எண்ணெய் வைத்து வாரிய அடர்ந்த முடி, கொத்து மீசை. நிமிர்ந்து பார்த்தார். இரண்டும் இல்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினார், அதிலும் முடி. 'படத்தில் இருக்கிற ஆளை வரச்சொல்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். தீபாவளி கழித்து அடுத்த கோஷ்டி போகிறது, அதற்குள் முடி வளர்ந்தால் உண்டு, இல்லையென்றால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். நான் மொட்டையோடு வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற முடியை என்ன செய்வாய் என்று கேட்டார் ஏகாம்பரம்.

"மொட்ட அடிச்சிக்கினு போய் நின்னாலும் திருத்தணி சாமிக்கு என்னிய அடையாளம் தெரியுது. போட்டாவ கையில வச்சிக்கினு இந்த ஆளுக்குத் தெரியலயேண்ணா!"

வாரா வாரம் பரீட்சை

அதன்பின் சந்தைக்கு வருகிற நாளெல்லாம் ஏகாம்பரம் மாடி ஏறி வருவார். ஸ்டூடியோக் கண்ணாடியின் ஓரத்தில் அந்த விசாப் படத்தின் பிரதி ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். கீழேயிருந்து மருந்துக் கடைக்காரர் வருவார், டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு வருவார்கள். ஆளுக்கு ஒரு தீர்ப்பு. மீசை பாஸ், தலை பெயில் என்பார்கள். அஞ்சலை கரிசலாங்கண்ணித் தைலமும் வெங்காயச் சாறும் மாற்றி மாற்றித் தேய்த்ததில், அவர் படியேறும்போதே வாசனை முன்னால் வந்துவிடும். ஆனால் முடி என்னவோ அறுப்பு முடிந்த வயல் தாள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது, படியவில்லை.

எல்லோரும் சிரித்தோம். ஏகாம்பரமும் சிரித்தார். அவர் இறங்கிப் போன பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மனிதனின் பிழைப்பு அவன் மயிர்க்காலில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கூத்துக்காரர்களிடம் டோப்பா கேட்கலாமா என்றுகூட யோசித்தோம். எம்பஸியில் தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது, பறந்துவிடும் என்று ஏகாம்பரம் மறுத்துவிட்டார். கஜாவுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

"நெகட்டிவ்ல இன்னா வேணும்னாலும் பண்ணிக் குடுப்பேன் நைனா. தலையில பண்றதுக்கு என்னாண்ட பென்சிலு இல்லியே."

டிரங்கால்

தீபாவளி கழிந்து ஏகாம்பரம் பம்பாய் போனார். முடி ஒருமாதிரி படிந்திருந்தது. படத்தில் இருந்ததில் பாதி இருக்கும். இரண்டாம் தடவையும் திருப்பினால் அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அஞ்சலை அன்றைக்குக் காலையிலிருந்து மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஏனென்றால் அந்தக் கடையில்தான் போன் இருந்தது.

சாயங்காலம் டிரங்கால் வந்தது. கடைக்காரர் கத்தியதும் நான் படிகளைத் தாவி ஓடினேன். அஞ்சலை போனைத் தொட மாட்டேன் என்றதால் நான்தான் வாங்கினேன். விசா குத்திவிட்டார்களாம்! அவளிடம் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள். முடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று நான் போனில் கத்தினேன். பம்பாயிலிருந்து ஏகாம்பரம் அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

"தலைய நிமிந்து பாக்கவே இல்லண்ணா! போட்டாவையும் பாக்கல, என்னியும் பாக்கல, பக்கத்துல கீற ஆளாண்ட பேசிக்கினே குத்திட்டான்! இதுக்கா அத்தினி வெங்காயம் தேய்ச்சேன்?"

முக்காடு

கொஞ்ச நாள் கழித்து அஞ்சலை தனியாக மாடி ஏறி வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டிருந்தாள். ஏகாம்பரம் உன் படம் ஒன்று அனுப்பு என்று எழுதியிருக்கிறாராம். இந்தத் தடவை அருவித் திரையை விரித்து, ஓடாத கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக முக்காட்டை எடுத்தாள். தலையில் முடி இல்லை. அப்போதுதான் லேசாகத் துளிர்த்திருந்தது.

அவர் முடி வளர்ந்து விசா கிடைத்துவிட்டால், இந்தத் தடவை என் முடியைத் தருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம். ஏகாம்பரத்துக்குத் தெரியாது. இடுப்பு வரைக்கும் தொங்கிய முடி அது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படத்தை எடுத்தேன். அன்றைக்கு மச்சத்தை எடுத்தீர்களே, இன்றைக்கு முடியை வைத்துக் கொடுங்கள், தெரிந்தால் அது அங்கே உட்கார்ந்து அழும் என்று கஜாவிடம் கேட்டாள் அஞ்சலை. புருஷனை அவள் 'அது' என்றுதான் சொல்வாள். "ஏம்மா, இப்பிடிப் பண்ணிட்டியே" என்றார் கஜா.

"அது தலைன்னா ஆபீசரு பாப்பாரு. என் தலைய எந்த எம்பஸிண்ணா பாக்கப் போவுது?"

நேர் வகிடு

கஜா அந்தப் படத்தை வேறு வேலை எதையும் தொடாமல் செய்தார். மெல்லிய பிரஷ்ஷால் படத்தின் மேலேயே மயிர் மயிராக இழுத்தார். நடுவில் வகிடு, காதோரம் சுருள், தோள்வரை பூச்சரம். அதைவிடச் சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. அஞ்சலையே பார்த்துவிட்டு, இது நான்தானா என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் முதல் லீவில் வந்தபோது நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். என் மேஜை மேல் ஒரு கைக்கடிகாரத்தை வைத்து, "இது ஓடும், இனிமே இத கட்டி வுடுங்க" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. கஜா அண்ணன் வேலையா என்று கேட்டார். எப்படி இருக்கிறது பார், ஒட்டே தெரியவில்லையே என்று பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் விரலைப் படத்தின் தலைமேல் வைத்தார்.

"அஞ்சலைக்கு எப்பவும் எடது பக்கம் கோண வகிடுண்ணா, இதுல நேர் வகிடு. கவர பிரிச்சதுமே மொட்டன்னு தெரிஞ்சுபோச்சு, ரூம்ல குந்திக்கினு அயுதேன். அவளாண்ட மட்டும் சொல்லிடாதீங்க, எனக்குத் தெரியாதுன்னே இன்னும் நெனச்சிக்கினு கீறா."

ஆகவே என் கட்சிக்காரர்களே, எம்பஸியில் உங்கள் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று குறைப்படாதீர்கள். பார்க்கத் தெரிந்த ஆளிடம் படம் போய்ச் சேர்ந்தால் எங்கள் கஜாவாலும் காப்பாற்ற முடியாது.