லயத்துக்கு வெளியே ஒரு வீடு

நான் பிறந்தது லயத்தில். மலாக்காவின் தெருக்களைக் கூட்டும் தமிழர்களுக்கென்று வெள்ளைக்காரன் கட்டிய நீள வரிசை அது. பன்னிரண்டு அறை, ஒரே குழாய். துரைமாருக்குக் குன்றின்மேல் பங்களா, கணக்கெழுதும் கிராணிமாருக்கு ஓட்டு வீடு, எங்களுக்குக் குப்பைமேட்டுப் பக்கம். வேலை இருக்கும்வரைதான் அறை. வெளியே வாடகைக்குக் கேட்டால், அப்பாவின் தொழிலைக் கேட்டதும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஜப்பான்காரன் வந்த சில மாதங்களில், சாமான் அடுக்க லயம் வேண்டும் என்றான். ஒரே நாளில் காலிசெய்யச் சொன்னான். பெரியவர்கள் அழுதார்கள். பத்து வயதுக்காரியான எனக்கோ, வெளியே ஒரு வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று உள்ளுக்குள் குதூகலம்.

துக்காங் எமாஸ் தெருவெல்லாம் அலைந்துவிட்டு, ஊரோரத்துக் காஜா பெராங்குக்கு நடந்தோம். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட மலாக்காச் செட்டி வம்சத்து அம்மாள் ஒருவர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, பேச்சு மலாய். அம்மா அரைகுறை மலாயில் வீடு கேட்டாள். அப்பா முந்திக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லிடு, நான் தெருக் கூட்டுறவன்னு."

அம்மா சொன்னாள். அந்த அம்மாள் தன் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"நானுந்தான் கூட்டுறேங்கிறாங்க!" என்றாள் அம்மா.

அவர் வீட்டுப் பின்கட்டில், அத்தாப்பு ஓலை வேய்ந்த பலகை வீடு எங்களுக்குக் கிடைத்தது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு! ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே ஓடினேன், மூச்சு வாங்கும்வரை. பக்கத்து வீட்டில் மலாய்க்காரர்கள், எதிர்வீட்டில் சீனர்கள். அதுவரை நான் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே விளையாடியவள். அம்மா கொல்லை முழுக்க மரவள்ளி நட்டாள்.

மறு வருடம் கிராணி வந்தார்.

"சாமானையெல்லாம் எடுத்துட்டாங்க, லயம் காலியாயிடுச்சு. எல்லாரும் திரும்பி வந்துடணும். ரேஷன் அரிசி அங்க இருக்கறவங்களுக்குத்தான்."

அம்மா கேட்டாள்: "ஏங்கய்யா, இங்கேருந்து வந்தா தெருவக் கூட்ட முடியாதா?"

"அது ரூல்ஸ்மா."

"அப்ப அரிசிய நீங்களே வச்சுக்குங்க. எங்களுக்குக் கெழங்கு போதும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பாதிப் பேரைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துப் போயிருந்ததால், ஆள் இல்லாமல் அப்பாவை வேலையிலிருந்து நீக்க அவர்களால் முடியவில்லை. அரிசி மட்டும் நின்றது. ஜப்பான்காரன் போகும்வரை கிழங்குதான் தின்றோம்.

கொட்டகைகளில் ஒதுங்கியிருந்த மற்ற குடும்பங்கள் லயத்துக்கே திரும்பின. வேறு யார் இடம் கொடுப்பார்கள்? ஒருநாள் அங்கே என் தோழியைப் பார்க்கப் போனேன்.

"உங்க வீட்டுக்கு நான் வரலாமாடி?" என்றாள், தயங்கித் தயங்கி.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காஜா பெராங்வரை ஓடினேன்.