மருந்து வைத்த கம்ப்யூட்டர்

லேப்டாப்பின் விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் எனக்குச் சிவகாசி ஞாபகம் வந்துவிடும். அங்கே ஓர் அச்சகத்தின் மாடியறையில் ஆறு வருடம் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொண்டிருந்தேன். விருதுநகரிலிருந்து தினமும் காலை பஸ். அத்தாவுக்கு ஊரில் வத்தல் கமிஷன் கடை. மகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். இன்று சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து அதைவிடப் பெரிய வேலைதான் பார்க்கிறேன். ஆனாலும் அந்த மை வாசனைக்கும், கீழே மெசின் ஓடும்போது நாற்காலிக்கு ஏறிவரும் அதிர்வுக்கும் மனசு ஏங்கத்தான் செய்கிறது.

மாடியில் நாங்கள் இரண்டே பேர். பக்கத்து நாற்காலி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளுடையது. பக்கத்து ஊரான எம். புதுப்பட்டிக்காரி. பத்து வருடம் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் இருந்துவிட்டு, சாயங்கால வகுப்பில் டிசைன் படித்து இங்கே வந்திருந்தாள். அந்த அறையில் கூட உட்கார்ந்து வேலை பார்த்தவள் ஒருத்தி ஒருநாள் வீடு திரும்பவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் அதில் இறங்கிவிடும். அக்கா அந்தப் பழக்கத்தை அப்படியே மாடிக்கும் கொண்டுவந்துவிட்டாள். வெறுங்காலோடு வருவாள், ஜன்னல் கம்பியைத் தொடுவாள், அப்புறம்தான் மவுசைத் தொடுவாள். "கம்ப்யூட்டருக்குக் கும்பிடு போட்டாச்சா?" என்று தினமும் கேலி செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வருடம் தீபாவளி சீசனில் அவள் கம்ப்யூட்டர் சூடாக ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக இருக்கும். பதினோரு மணிக்கெல்லாம் விசிறி கத்தும், திரை உறைந்துபோகும், பாதி முடித்த லேபிள் காணாமல் போகும். மெக்கானிக் இரண்டு தடவை வந்து தூசி தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார்.

அக்கா மட்டும் எல்லோரிடமும் ஒரு காரணம் சொன்னாள். பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, அந்தப் பூப் பக்கம் தொறந்தாத்தான் இது சுடுது" என்றாள்.

பூப் பக்கம் என்பது இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளும் ஒரு வெப்சைட். பூ, மயில், நட்சத்திரம் எல்லாம் அதில் கிடைக்கும். அவளுக்கு அதைக் காட்டியதே நான்தான். ஒவ்வொரு தடவையும் தேடக் கஷ்டப்படுகிறாளே என்று, "இத மூடாதீகக்கா, அது பாட்டுக்கு ஓரமா கெடக்கட்டும்" என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"பூச்சட்டி லேபிளுக்குத்தான எடுக்கீக? பூச்சட்டின்னா சுடத்தான செய்யும்" என்று புஸ்வாணத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் பாவம், கூடச் சிரித்தாள்.

முதலாளி சிரிக்கவில்லை. நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றின் ஆர்டர் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனபோது மாடிக்கே ஏறி வந்துவிட்டார். "மருந்துல பொழங்குன கையில்ல, தொட்டதெல்லாம் சுடுது. இந்த வாரமும் லேபிள் வரலேன்னா பழைய வேலைக்கே போயிரும்மா. என் மச்சான் ஆலையில ஆள் கேக்காக" என்றார். அவர் போனதும் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அந்த ரூமுக்குள்ள மட்டும் இனி என்னால கால் வைக்க முடியாது பிள்ள" என்றாள். எனக்கு முதலாளி மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மறுநாள் பஸ்ஸில் போனை நோண்டிக்கொண்டு வந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. சில வெப்சைட்டுகளில் நமக்குத் தெரியாமல் ஒரு நிரலை ஒளித்து வைத்திருப்பார்களாம். அந்தப் பக்கம் திறந்திருக்கும் வரை நம் கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதில் கிடைக்கும் கிரிப்டோ காசு எங்கோ இருக்கும் எவனுக்கோ போய்விடும். நமக்கு மிஞ்சுவது சூடு மட்டும். இதைக் கண்டுபிடிக்க பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஒன்று உண்டு, திருட்டுப் பக்கம் என்றால் மூலையில் சிவப்பு விளக்கு காட்டும் என்று எழுதியிருந்தது. படித்ததும் எனக்குப் பூப் பக்கம் ஞாபகம் வந்தது.

அக்கா பிரிண்ட் பார்க்கக் கீழே இறங்கிய நேரம், அவள் கம்ப்யூட்டரில் அந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தேன். திறந்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மெயிலுக்குப் போனால் பச்சை. செய்திப் பக்கம், பச்சை. பூப் பக்கத்துக்குப் போனதும் மூலையில் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பு. அதை மூடினேன். கொஞ்ச நேரத்தில் விசிறியின் கத்தல் அடங்கிவிட்டது. திரும்பத் திறந்தேன், மறுபடி கத்தியது. மூடினேன், அடங்கியது.

நான் வைத்த வினை. அவள் சொன்னது அச்சு அசலாக உண்மை, கேலி பேசி அதை மறைத்தது நான். இதையெல்லாம் சொல்லத் தைரியமில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும் தாங்க முடியவில்லை. அக்கா கையில் லேபிள் தாள்களோடு படியேறி வந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"அக்கா! உங்க மெசினுக்கு மருந்து வச்சிட்டேன்!"

விருதுநகரில் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் வைரஸுக்குப் போடுவதையெல்லாம் மருந்து என்றுதான் சொல்வார்கள். நானும் அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன். சூடாகிற பெட்டிக்குள் மருந்து வைத்தேன் என்று சிவகாசியில் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

தாள்கள் அவள் கையிலிருந்து விழுந்தன. "எந்திரிங்க! வெளிய ஓடுங்க அம்புட்டு பேரும்!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினாள். கீழே பைண்டிங் செய்கிற பெண்கள் எல்லோரும் ஆலை வேலைக் குடும்பங்கள். ஒருத்திகூட என்ன ஏது என்று கேட்கவில்லை. யாரோ மெயினை அணைத்தார்கள். மெசின்கள் நின்றன. நான் மட்டும் ஒன்றும் புரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தேன். அடுத்த நிமிடம் அக்கா திரும்ப மேலே வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

தெருவின் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் மொத்த அச்சகமும் நின்றது. முதலாளிக்கு வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

"சரி, அந்தக் களவாணிப் பக்கத்த தொறந்து போட்டது யாரு?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்து நின்றாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாந்தான் மொதலாளி. மூடாதீகன்னு சொன்னதும் நாந்தான். அவுக அந்தப் பக்கந்தான் சுடுதுன்னு மொதல்லயே சொன்னாக. நான் சிரிச்சேன்."

முதலாளி வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். அவள் குரலை உயர்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன். "ஆலையில ஒருத்தி சுடுதுன்னு சொன்னா அம்புட்டு பேரும் எந்திரிச்சு ஓடுவோம் மொதலாளி. இங்கன நான் ஒரு மாசமாச் சொல்லுதேன். என் கையத்தான் கொற சொன்னீக."

முதலாளி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக மாடியேறினார். நாங்கள் போனபோது பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பச் சூடு எறங்கிருச்சும்மா" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பூச்சட்டி லேபிள நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுத்திருவீகளா?" என்று கேட்டார். அவர் அவளிடம் மரியாதையாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. மறுநாள் காலையிலேயே லேபிள் தயாராகிவிட்டது.

லேபிளைக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் டீ குடித்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வேறொன்றுதான் வந்தது.

"வெடிக்கும்னு நெனச்சுத்தானக்கா ஓடுனீக? அப்புறம் எதுக்கு மேல ஏறி வந்தீக?"

அக்கா தம்ளரைப் புறங்கையில் ஒட்டிச் சூடு பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு மருந்து ரூமுல அவள விட்டுட்டு நான் மட்டும் ஓடியாந்துட்டேன்ல பிள்ள" என்றாள்.