ஷோரூமில் மட்டும் நன்றாக ஓடிய வண்டி

இங்கே ஓமனில், நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில், விடிந்தால் ஒவ்வொரு போனிலிருந்தும் ஒவ்வொரு சத்தம் வரும். ஒருவர் பாட்டுப் போடுவார். ஒருவர் ஊர்ச் செய்தி கேட்பார். ஒருவர் தன் வீட்டுக் கைக்குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டே பல் விளக்குவார். என் போனில் மட்டும் மோட்டார்சைக்கிள் ஓடும். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பாகிஸ்தான்காரர் கான் பாய் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எனக்கும் அவருக்கும் பொதுவாக இருக்கிற அரைகுறை இந்தியில், "உங்கள் வீட்டில் மனைவி பேச மாட்டாரா, வண்டிதான் பேசுமா?" என்று கேட்டார். அது என் மனைவி ஓட்டுகிற வண்டி என்று சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சாயங்காலத்துக்குள் என் மனைவி மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிறவர் என்று கேம்ப் முழுக்கப் பேச்சாகிவிட்டது. இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பிள்ளைகளே, என்னைப் போல வெளிநாட்டில் இருக்கிற அப்பாவைப் போனில் மட்டும் பார்த்து வளர்கிற உங்கள் எல்லாருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். லாரி ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சிவகாசியை அடுத்த தாயில்பட்டிப் பக்கம். என் மனைவி பெயர் மாரீஸ்வரி. மகள் காவியா ஒன்பதாவது படிக்கிறாள். மாரீஸ்வரி வீட்டில் இருந்தபடியே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறாள். வெறும் குழாய்தான், வெடிமருந்து எல்லாம் பட்டாசுக் கம்பெனிக்குள்ளே போன பிறகுதான் அடைப்பார்கள். சுற்றிக் காயவைத்த குழாய்களைச் சாக்கில் கட்டி, கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் சாக்கை ஏற்றினால் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். லோடு ஆட்டோக்காரருக்காகக் காத்திருந்தால் அரை நாள் போய்விடும். அதனால் போன லீவில் நான் வந்திருந்தபோது சிவகாசி ஷோரூமில் புது மோட்டார்சைக்கிள் எடுத்தோம். சிவப்பு நிறம். ஸ்கூட்டர் போதுமே என்று நான் சொன்னேன். "ரெண்டு சாக்கு வச்சா அது மேடு ஏறாதுங்க. கியர் வண்டியே எடுங்க. நான் படிச்சிக்கிடுவேன்" என்றாள் அவள்.

படித்தும் கொண்டாள். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்த காலம் அது. கரைக்குக் கீழே பரந்த தரையில் நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன், அவள் ஓட்டுவாள். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏத்தா, ஆடு குறுக்க வருது, அதுக்குப் பிரேக்கு தெரியாது!" என்று ஒருவர் சத்தம் போட்டார். மாரீஸ்வரி வண்டியை நிறுத்தாமலே, "ஆட்டைப் பிடிங்கண்ணே, எனக்கு இன்னும் நிறுத்த வரல!" என்று பதில் சொன்னாள். எனக்குப் பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நான் விமானம் ஏறுவதற்குள் அவள் சாக்குகளோடு தனியாகப் போய் வரத் தொடங்கிவிட்டாள்.

நான் இங்கே வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் வண்டி படுத்த ஆரம்பித்தது. மேட்டில் இழுக்கவில்லை. முறுக்கினால் முக்குகிறது, வேகம் வரவில்லை. இரண்டாவது கியரில் அணைந்து போகிறது. என்ஜின் சூடு முழங்காலைச் சுடுகிறது. புது வண்டிக்கு இப்படி வருமா? ஷோரூமுக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு தம்பி வண்டியை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வண்டி சூப்பரா இருக்குக்கா. நீங்கதான் கிளட்ச்ச விடாமப் பிடிச்சிக்கிட்டே ஓட்டுறீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவள் ஓட்டிப் பார்த்தாள். வண்டி பறந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள் சாக்கு ஏற்றினால் பழையபடி முக்கல். மறுபடியும் ஷோரூம். மறுபடியும் அங்கே பறந்தது. அம்மா எழுப்பினால் தலைவலி, டாக்டரைக் கண்டால் சரியாகிவிடும் என்று நீங்கள் பள்ளிக்கூட நாளில் செய்வீர்களே, அப்படி.

மாரீஸ்வரியின் அண்ணன் கருப்பசாமிக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. நான் இல்லாத வீட்டுக்கு அவர்தான் ஆள். அவர் எனக்குப் போன் போட்டார்.

"மாப்ள, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீக. வண்டி நல்ல வண்டி. கை சரியில்ல. இப்படியே விட்டா என்ஜின் போயிரும். இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலேன்னா நான் எடுத்து ஓட்டுறேன். சாக்க நானே கொண்டு போய்ப் போட்டுர்றேன்."

நான் உடனே மறுத்திருக்கலாம். "பாப்போம் மச்சான்" என்றுதான் சொன்னேன். எனக்கும் உள்ளுக்குள், அவள் கிளட்சைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டுகிறாளோ என்று இருந்தது. அன்று மாரீஸ்வரியிடம் பேசும்போது அதைக் கேட்டுவிட்டேன்.

அவள் சொன்னாள். "நீங்களும் அதத்தான் கேக்கீக. அண்ணன் கையில வண்டி போனா, அவுக வர்ற நேரத்துக்குத்தான் என் சாக்கு போகும். அவுக வரலேன்னா போகாது. காவியாவுக்குக் காய்ச்சல்னாகூட அவுகளத்தான் எதிர்பாத்து உக்காரணும். இம்புட்டு நாளா நான் எங்கன போகணும்னாலும் யாரையாவது கேட்டுத்தாங்க போனேன். இந்தக் கொஞ்ச நாளாத்தான் கேக்காமப் போறேன்."

வண்டிச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னேன். லாரி ஓட்டுகிறவனுக்குக் காதுதான் பாதி மெக்கானிக். காவியா பின்னால் உட்கார்ந்து தினமும் பிடித்து அனுப்பினாள். அப்படித்தான் என் போனில் மோட்டார்சைக்கிள் ஓடத் தொடங்கியது. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். சளி பிடித்து மூக்கடைத்த ஆள் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். கிளட்ச் கோளாறுக்கு அப்படி வராது. அதற்கு மேல் தெரியவில்லை.

இங்கே நான் லாரியில் ஏற்றிப் போகிற சாமான் ஒரு எண்ணெய் ஆலைக்குள் இறங்கும். அந்த ஆலை வாசலுக்கு முதல் நாள் போனபோது காவலர் என் சட்டைப் பையைத் தடவினார். தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார். எனக்கு ஊருக்குத் திரும்பிவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நம் ஊர்க் கம்பெனி வாசலிலும் இதே கைதான், இதே பைதான். ஆனால் நம் ஊர் வாட்ச்மேன் தடவிக்கொண்டே, "என்னலே, நேத்து சாம்பார்ல உப்பு கூடிப்போச்சா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்பார். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. தீப்பெட்டி கூடாது என்று பெரிய பலகையில் படம் போட்டிருக்கிறார்கள். படத்தைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

அந்த மாசக் கடைசி நெருங்கிய ஒரு நாள், காவலர் என் லாரியைச் சுற்றி வந்து, "ஹாதா மாஃபி ஜெயின்" என்றார். இது சரியில்லை என்று அர்த்தம். எது சரியில்லை? நான் பேப்பர்களை எடுத்து நீட்டினேன். தலையை ஆட்டினார். டயரைக் காட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினார். லைசென்ஸைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, என் போட்டோவைப் பார்த்து, என்னையும் பார்த்து, சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேலை போகிறதோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்றெல்லாம் நினைத்தேன். கடைசியில் அவரே என் டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். லாரியின் சைலன்சர் வாயில் ஒரு கம்பி வலை மூடி உண்டு. புகையோடு நெருப்புப் பொறி வெளியே வராமல் தடுப்பதற்கு. அதைக் கழற்றி ஒரு கல்லில் தட்டினார். உள்ளேயிருந்து கரி, அடுப்புக் கரி மாதிரி, கட்டியாக விழுந்தது. பிறகு தன் மூக்கை இரண்டு விரலால் பொத்திக்கொண்டு, கண்ணைப் பிதுக்கிக் காட்டினார். லாரிக்கு மூச்சு முட்டுகிறதாம்.

நான் சிரிக்கவில்லை. காவியா அனுப்பிய அந்த மூக்கடைத்த சத்தம் என் காதுக்குள் ஓடியது. அந்த ஆளைக் கட்டிப்பிடித்திருப்பேன், பயந்துவிடுவார் என்று விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். "மாரி, கம்பெனி வாசல்ல வண்டி சைலன்சருக்கு வலை மாட்டுறாகளா?"

"மாட்டாம உள்ள விடுவாகளா? குழாய் குடோன் வாசலத் தாண்டித்தான இருக்கு. மொதல்ல அவுக வலையத்தான் வாங்கி மாட்டுனேன். அது ஓட்டை பெரிசு, ஆடிக்கிட்டே கெடந்துச்சு. எனக்குப் பயம். பட்டறையில சொல்லி நானே ஒண்ணு செஞ்சிட்டேன். பொடி வலையா, மூணு மடிப்பு. ஒரு பொறி தாண்டாது."

"அத எப்பக் கழட்டுவ?"

"எதுக்குக் கழட்டணும்? ஒரு நாள் மாட்ட மறந்துட்டா? அங்கன ஒரு நாள் மறந்தாப் போதும்லாங்க. அதான் மாட்டுனது மாட்டுனபடிதான் இருக்கும். ஷோரூமுக்குப் போறப்ப மட்டும் கழட்டி வச்சிருவேன். கரி அப்பிக் கெடக்குமே. புது வண்டிய அப்படியா நாலு பேர் முன்னாடி கொண்டு போறது? வலையக் கழட்டி, வண்டியக் கழுவி, பொட்டு வச்சுத்தான் கொண்டு போவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரிடம் போகும் பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டுக் கூட்டிப் போகிற தாயைப் போல, நோய் எங்கே இருக்கிறதோ அதையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார் என்றேன். போனைக் காவியா பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பிய சத்தத்தைக் கேட்டேன். மூக்கு திறந்துவிட்டது.

அவள் திரும்பி வந்து சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "இப்ப என்னங்க செய்ய? வலை இல்லாம நான் உள்ள போக மாட்டேன்" என்றாள். வலையை வாசலில் மாட்டி வாசலில் கழற்று என்றேன். மறுபடியும் அதே பேச்சுதான், ஒரு நாள் மறந்தால்? பிள்ளைகளே, அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கம் தூரத்தில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டால், உலையில் அரிசி போடுகிற கை அப்படியே நிற்கும். எந்தத் திசை, எந்தக் கம்பெனி என்று கேட்ட பிறகுதான் அரிசி விழும். இங்கே ஆலை வாசல் பலகையில் இருப்பது வெறும் படம்.

முடிவை அவளே எடுத்தாள். வண்டி வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கும். அங்கிருந்து குடோன் வரைக்கும் கம்பெனியின் தள்ளுவண்டியில் சாக்கை வைத்து அவளே தள்ளிக்கொண்டு போவாள். வண்டி உள்ளேயே போகாது. வலையும் வேண்டாம், மறதியும் வேண்டாம். கொஞ்சம் கூடுதல் வேலைதான். "நடந்தாக் கால் தேயாது" என்றாள்.

மாசக் கடைசியில் கருப்பசாமி மச்சான் வந்து வண்டியை வாங்கி மேட்டுப் பாதையில் ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து சாவியைத் தங்கச்சி கையில் கொடுத்தார். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஏ மாரி, நாளைக்கு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்னைய எறக்கி விட்டுருவியா?" என்று கேட்டாராம். "பின்னால சும்மா உக்காந்து வரணும்ணே, கிளட்ச்சப் பத்திப் பேசக்கூடாது" என்று இவள் சொன்னாளாம். காவியா இதைச் சொல்லும்போது சிரிப்பில் பாதி புரியவில்லை.

கோளாறு தீர்ந்தது. இனிச் சத்தம் அனுப்ப வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் காவியா அனுப்புகிறாள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் லாரிகள் வரிசையில் நிற்கும். என்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே கொண்டுபோகக் கூடாத போனைக் காவலரிடம் கொடுப்பதற்கு முன்னால், அதைக் காதில் வைத்துக் கேட்பேன். முதல் கியர், இரண்டாவது, வெம்பக்கோட்டை அணைப் பக்கத்துக் காற்று, எதிரே வருகிற மினி பஸ்ஸின் ஹாரன். "அம்மா, மேடு வருது" என்று காவியாவின் குரல். மூன்றாவது கியர். நான் வெயிலில், ஓடாத லாரியில் உட்கார்ந்திருப்பேன். மேடு வரும்போது என் இடது கால் தானாகவே கிளட்சை மிதிக்கும். காவலர் கதவைத் தட்டி, "யல்லா", கிளம்பு என்பார். மேடு ஏறி முடியட்டும் என்று நான் ஒரு விரலைக் காட்டுவேன். அவருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் நிற்பார்.